எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பிசாசு அல்ல

ஆவிக்குரிய போராட்டம், அதாவது பிசாசோடு போராடுவது, என்று நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் சொன்னவுடன் எல்லோர் கண்ணுக்கும் ஒரே காட்சிதான் வரும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், முடி அவிழ்ந்து ஆடுகிற ஒரு பெண்பிள்ளை, சுற்றி நின்று "போ, வெளியே போ" என்று கத்தும் பத்துப் பேர், பக்கத்தில் முழு வால்யூமில் மைக். இப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை கொடுத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர். பேய்ப் பயம் நீங்கியது அவர்களுக்குச் சுவிசேஷத்தில் பாதி.

ஆனால் எபேசியர் 6-ஆம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கத்தைக் கச்சையிலிருந்து பட்டயம் வரை மனப்பாடமாகச் சொல்கிற நாம், அதே நிருபத்தில் பிசாசின் பேச்சு அதற்கு முன்னால் எங்கே வருகிறது என்று பார்ப்பதில்லை. 4:27. "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்." அதற்கு முந்தின வசனம், சூரியன் அஸ்தமிக்கும் முன் தணிய வேண்டிய எரிச்சல். பிந்தின வசனம் திருட்டு. அதற்கும் அடுத்தது வாயிலிருந்து புறப்படும் கெட்ட வார்த்தை. கோபம், பணம், நாக்கு. பிசாசு நுழையும் வாசலைப் பவுல் காட்டுவது இந்த மூன்றுக்கும் நடுவில்தான். வாசல் வழியாக வருகிறவனை விட்டுவிட்டு, ஓட்டைப் பிரித்து இறங்குவான் என்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் வாசல் நம் சபைகளில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அகலமாகத் திறக்கும். சேகர கமிட்டி (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தின் கமிட்டி) எலக்சன், டி.சி. என்கிற திருமண்டலப் பெருமன்ற எலக்சன். ஓட்டு எண்ணி முடிந்த ராத்திரி வெடி போடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை. அது ஒரு நாள் சத்தம். அடுத்த இரண்டு மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இருபது வருடமாகத் தெற்கு ஜன்னலோரம் உட்கார்ந்த குடும்பம் வடக்குப் பக்கம் மாறி உட்காரும். சமாதானம் கொடுக்கும் நேரத்தில் ஒருவர் பெஞ்சின் இந்த நுனியில் கைகூப்பிவிட்டு அந்த நுனிக்கு வரும்போது பாமாலையைப் புரட்டுவார். கிறிஸ்மஸ் கீதப் பவனிக்கு ஒரே சபையிலிருந்து இரண்டு வேன் கிளம்பும். சபை விருந்தான அசனத்தில் முதல் கரண்டி சோறு யார் போடுவது என்று ஆக்குப்புரையில் முணுமுணுப்பு எழும். நற்கருணைக்கு முன்னால் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பவர்களின் எண்ணிக்கை மாதா மாதம் கூடும். இந்தக் கடைசி அடையாளத்தைச் சபை ஊழியர் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி, சபைக்கு அதுதான்.

இதற்கு என்ன செய்வது? மத்தேயு 18:15-ல் முறை இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிற அந்த மூன்று வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது. செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பிடிக்காதீர்கள். அங்கே நாற்பது பேர் பார்க்கிறார்கள், அவரால் இறங்கி வர முடியாது. வார நாளில், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்; பையில் ரெக்கார்டிங் ஓடுகிறதோ என்ற சந்தேகம் ஒன்றே போதும், பேச்சு செத்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். "அண்ணாச்சி, அன்னைக்குக் கமிட்டியில நீங்க சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மனசுல கெடந்து அறுக்கு. அதைப் பத்தி மட்டும் பேசத்தான் வந்தேன்." இவ்வளவு போதும். "எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே தோற்றீர்கள், ஏனென்றால் அடுத்த கேள்வி "யாரு அந்த எல்லாரும்?" என்பதாக இருக்கும். 2001-ல் நடந்த கல்யாணத்தில் பந்தியில் எழுப்பிவிட்ட கதையை இழுக்கவே கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

தனியாகப் பேசியும் சரிவரவில்லையென்றால் ஒருவரோ இருவரோ கூடப் போக வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறோம். தன் அணியிலிருந்தே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அது சமாதானப் பேச்சு இல்லை, முற்றுகை. கூட வருகிறவர்களில் ஒருவராவது எதிர்த்தரப்புக்கு மாமன் மச்சான் முறையாக இருக்க வேண்டும், அவர் வீட்டில் உரிமையோடு செருப்பைக் கழற்றி உள்ளே போகிறவராக. மூன்றாவது படிதான் சபைக்குச் சொல்வது. சபை என்றால் ஐயரும் (சபைக் குருவும்) கமிட்டியும். வாட்ஸ்அப் குரூப் சபை ஆகாது. நம்மில் பலர் முதல் படியிலேயே ஐயரிடம் போய்விடுகிறோம். அவர் ஒரு தரப்பின் கதையை முதலில் கேட்டவர் ஆகிவிடுகிறார். மறுதரப்புக்கு அன்றைக்கே அவர் எதிரி. பிறகு "ஐயரை மாத்துங்க" என்று பேராயர் அலுவலகம் இருக்கும் பாளையங்கோட்டைக்கு ஒரு வேன். ஐயர் மாறுவார், பெஞ்ச் மாறாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபவாசக் கூட்டங்களில் "கட்டுகிறேன், கட்டுகிறேன்" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டுதலும் அவிழ்த்தலும் மத்தேயு 18:18. இரண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்பது 18:19. இரண்டு மூன்று பேர் என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ என்பது 18:20. மூன்றும், மனஸ்தாபப்பட்ட சகோதரன் வீட்டுக்குப் போகச் சொன்ன அதே பேச்சின் தொடர்ச்சி. 16:19-ல் பேதுருவிடமும் கட்டுகிற பேச்சு வருகிறது, சரி. ஆனால் சபைக்குக் கொடுத்தது இந்த இடத்தில். அந்த வீட்டுப் படி ஏறாமல் ஆகாயத்தில் எதைக் கட்டுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சாதியையும் இந்த வாசலில்தான் சேர்க்கிறேன். எந்தப் பேனலில் யார் நிற்கிறார்கள் என்பதை வீட்டுப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம் என்கிற நிலையில், எபேசியர் 6:12 சொல்கிற அந்தகார லோகாதிபதிகளை எங்கேயோ தேட வேண்டியதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குச் சுவர் நிற்கிறது. அதற்கு நாற்பது நாள் உபவாசம் வேண்டாம். ஒரு ஜேசிபி ஒரு காலை நேரம் போதும்.

இரண்டாவது வாசல் பணம். கணக்கைப் போய் ஆவிக்குரிய போராட்டத்தில் சேர்க்கிறாரே என்று நினைக்கலாம். வெளிப்படுத்தல் 12:10-ல் சாத்தானுக்குள்ள பெயர் குற்றஞ்சாட்டுகிறவன். மூடி வைத்த கணக்கு அவனுக்கு மிகவும் பிடித்த பண்டம். திருட்டே நடக்காவிட்டாலும் சந்தேகம் நடக்கும். எருசலேம் பரிசுத்தவான்களுக்குப் பணம் கொண்டுபோகும்போது பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குறை சொல்லாதபடி வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8:18-21). அப்போஸ்தலனுக்கே அந்த ஜாக்கிரதை.

ஆகவே காணிக்கை எண்ணும்போது உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர், வெஸ்டிரி (கோயிலை ஒட்டிய அறை) கதவு திறந்திருக்க, அன்றைக்கே, அதே மேஜையில். நோட்டு இத்தனை, சில்லறை இத்தனை என்று தனித்தனியாக எழுதி இருவரும் கையெழுத்து. பென்சில் கூடாது. திங்கட்கிழமை பேங்க். வீட்டு அலமாரியில் "ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்பது நல்ல மனிதர்களைக் கெடுத்திருக்கிறது. அசனக் கணக்கை இரண்டு வாரத்துக்குள் போர்டில் ஒட்டுங்கள்: அரிசி எத்தனை மூட்டை, ஆடு எத்தனை, காய்கறி, விறகு, பந்தல், சமையல் கூலி, வசூல், மிச்சம். ஆறு மாதம் கழித்து ஒட்டினால் எண்கள் சரியாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் தனி விவகாரம். ஒரு பூசணிக்காய், சந்தையில் நாற்பது ரூபாய். இரண்டு வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டு அதை நாலாயிரத்துக்கு ஏற்றுகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது, பொருளாளருக்குச் சந்தோஷம். அந்தப் பூசணிக்காய்க்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. அதே ஏலத்தில் வேகத்தில் கை தூக்கிவிட்டு, பிறகு கட்ட முடியாமல், அடுத்த வருடம் "பாக்கி உள்ளவர்கள்" என்று பீடத்திலிருந்து பெயர் வாசிக்கப்பட்டு, அதோடு கோயிலுக்கே வராமல் போன குடும்பங்கள் உண்டு. பாக்கியைப் பொருளாளர் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். கட்ட முடியாதவருக்குக் கமிட்டி தள்ளிக் கொடுக்கலாம். பெயர் வாசிப்பது கூடாது, ஒருநாளும்.

கணக்குக் கேட்டவரை "யூதாஸ்" என்று திட்டுகிற வழக்கம் வேறு இருக்கிறது. யோவான் 12:6-ஐ எடுத்துப் பாருங்கள். யூதாஸ் கணக்குக் கேட்டவன் இல்லை, பணப்பையை வைத்திருந்தவன்.

மூன்றாவது வாசல்தான் சிறுத்தது, ஆனால் நாள் முழுக்கத் திறந்தே கிடப்பது. புறணிக்கு நம் சபைகளில் ஒரு வெள்ளை அங்கி உண்டு. அதன் பெயர் ஜெபக் குறிப்பு. "மைனி, அந்தப் பிள்ளைக்காக ரொம்ப ஜெபிக்கணும், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க." இதற்குப் பிறகு வருவது ஜெபத்துக்குத் தேவையான தகவலாக இருக்கவே இருக்காது. ஜெபக்குழு வைத்திருப்பவர்கள் மூன்று விதி எழுதி ஒட்டிவிடலாம். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயர் சொல்லக் கூடாது. சம்மதித்தாலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் விவரம் கூடாது. அந்த அறையில் கேட்டது குரூப்பில் வாய்ஸ் நோட்டாகப் போகக் கூடாது. ஐந்தாறு பேருக்கு மேல் போனால் எந்த விதியும் நிற்காது, குழுவைப் பிரித்துவிடுங்கள்.

இந்த வாசல் வழியாக என்ன நுழையும் என்பதற்கு நம் சரித்திரமே சாட்சி. ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-ல் திருநெல்வேலிக்கு வந்து கட்டியெழுப்பிய சபைகள், 1835-ல் அவருக்கும் சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கத்துக்கும் வந்த பிணக்கில் இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் மரித்த பிறகுதான் காயம் ஆறத் தொடங்கியது. இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் 1849-ல் இந்தப் பகுதி நாடார் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் பேயாட்டத்தை விவரமாக எழுதினார், ஆட்களைத் தாழ்த்தியும் எழுதினார். அந்தப் புண் நாசரேத் பக்கம் புரையோடி, 1857-ல் சட்டாம்பிள்ளை என்பவர் தலைமையில் இந்து கிறிஸ்தவ சபை என்று ஒரு பகுதி தனியே போனது. பேயைப் பற்றி எழுதின புத்தகம். சபை உடைந்ததோ பேயால் இல்லை, அந்த எழுத்தால். இடையன்குடியில் 1880-ல் பிரதிஷ்டையான கோயிலைப் பார்த்து வியக்கிற நாம் இதையும் சேர்த்து நினைவில் வைப்பது நியாயம்.

நாக்கின் இன்னொரு வேலை, தரிசனம். "இந்தச் சபையில ஒரு ஆகான் இருக்கான்னு கர்த்தர் காட்டினார்" என்று (யோசுவா 7-ல் திருடி ஒளித்து, ஜனத்துக்கே தோல்வி வரவைத்தவன் ஆகான்) மைக்கில் ஒருவர் சொல்லிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் ஊரே ஆகானுக்குப் பெயர் வைத்துவிடும். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற வசனத்துக்கு அடுத்ததே, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). சோதிப்பதற்குச் சில நேரடியான கேள்விகள் போதும். சொல்லப்பட்டவர் அங்கே இருக்கிறாரா, பதில் சொல்ல இடம் உண்டா? சொன்னவருக்கு இதனால் பதவியோ பணமோ வருகிறதா? எழுதிக் கையெழுத்திட்டு ஐயரிடம் கொடுக்கத் தயாரா? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே முக்கால்வாசி தரிசனங்கள் கலைந்துவிடும். மூப்பர் மேல் குற்றச்சாட்டென்றால் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்கவே கூடாது, 1 தீமோத்தேயு 5:19. சொன்னது உண்மையாக இருப்பதே அத்தாட்சி ஆகாது. அப்போஸ்தலர் 16-ல் குறிசொல்லுகிற ஆவி பிடித்த பெண் பவுலைப் பற்றிக் கத்தினதெல்லாம் சரியான வார்த்தைகள்தான்.

வெளியூர்ப் பிரசங்கியார் வந்து "உங்க வீட்டுல செய்வினை பொதைச்சிருக்கு, வச்சது உங்க ரத்த சொந்தம்" என்று சொன்னால் கூட்டத்தை அங்கேயே பாட்டுப் பாடி முடித்துவிட வேண்டும். இதில் நான் தயவு பார்க்கமாட்டேன். அந்த ரத்த சொந்தம் எப்போதும் யாராக முடிகிறது? மருமகள், கொழுந்தியாள், பிள்ளையில்லாத அத்தை, அல்லது அடுத்த வீட்டு விதவை. முற்றத்தைத் தோண்டினால் ஏதாவது ஒரு துணியோ ஆணியோ கிடைக்கத்தான் செய்யும். பழைய வீட்டு முற்றம்.

சரி, நிஜமாகவே ஒருவர் கூட்டத்தில் அலறி விழுந்தால்? இதை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும்.

மைக்கை முதலில் அணையுங்கள். பாட்டை மெதுவாகத் தொடரச் சொல்லுங்கள். போனில் எடுப்பவர்களை நிறுத்துங்கள். பெண் என்றால் பெண்கள் இரண்டு பேர், மூத்தவர்கள், பக்கத்தில். ஆண் ஒருவர் கை வைக்கக் கூடாது. அறைவது, முடியைப் பிடிப்பது, எண்ணெய் குடிக்க வைப்பது எதுவும் கிடையாது. "உன் பேர் என்ன, எங்கருந்து வந்த" என்கிற விசாரணை வேண்டாம்; பயந்துபோன பிள்ளை கேட்கிறவர்கள் எதிர்பார்க்கிற பெயரைத்தான் சொல்லும், அது பெரும்பாலும் ஊரில் சமீபத்தில் தூக்குப் போட்டு இறந்த யாரோ ஒருவரின் பெயர். அந்தக் குடும்பம் நாலு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

கை கால் விறைத்து வெட்டினால் அது வலிப்பு. மணியைப் பாருங்கள். அழுத்திப் பிடிக்காமல், தலைக்குக் கீழே மடித்த துணி வைத்து, வெட்டு தணிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணித்து நிற்கிற வலிப்பு, தானாகவே நிற்க இருந்த வலிப்பு. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், 108. உபவாசத்தில் இருக்கும் சர்க்கரை நோயாளி வேர்த்து, உளறி, முரட்டுத்தனம் பண்ணினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். குடியை முந்தாநாள் நிறுத்தியவர் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது, கறுப்பாய் ஆள் நிற்கிறது என்றால் அவரை ஜெபவீட்டில் வைத்திருக்காதீர்கள். திடீரென்று நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிற அந்தப் பிதற்றல் உயிரை எடுக்கும். கன்வென்ஷனில் பாட்டிலை உடைத்துவிட்டு வந்தவருக்கு இது நடந்தால், பேய் திரும்பி வந்துவிட்டது என்றே நினைப்போம். பிள்ளை பெற்ற சில வாரத்துக்குள் தாய் தூங்காமல், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் கேட்க 14416, டெலி மானஸ், கட்டணம் இல்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. "ஜெபவீடுதானே" என்பது பதில் ஆகாது. சாட்சி சொல்வதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு உங்கள் கோயிலில் மைக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஜெபம் உண்டு, கண்டிப்பாக உண்டு. ஆனால் அதை யார் செய்வது என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. நமக்கு வந்த ஆங்கிலிக்கன் மரபில் 1604-ஆம் ஆண்டு விதிகளில் 72-வது, பேராயர் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பிசாசு துரத்தக் கூடாது என்றது. கத்தோலிக்கரிடமும் ஆயர் அனுமதி இல்லாமல் முடியாது. நானூறு வருடத்துக்கு முன்னாலேயே கூட்டத்து முன்னால் காட்சி நடத்துகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போய்ப் போட்ட விதி. ஐயர், வீட்டார், மூத்தவர் இரண்டு பேர், ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், கதவைச் சாத்திக்கொண்டு. பிசாசைத் தூஷித்துக் கத்த வேண்டியதில்லை; யூதா நிருபம் 9-ஆம் வசனத்தில் பிரதான தூதனாகிய மிகாவேலே அப்படிச் செய்யத் துணியாமல், "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைச் சாட்சி சொல்ல முன்னால் நிறுத்தாதீர்கள். அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதே தெருவில் நடக்க வேண்டும்.

கோபித்துப் போன குடும்பம் திரும்பி வரும் நாளிலும் இதே அடக்கம் வேண்டும். கண்டிக்கப்பட்டவனை மன்னித்துத் தேற்றுங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் சொல்கிற காரணம், சாத்தானாலே நாம் மோசம்போகாதபடிக்கு (2 கொரிந்தியர் 2:11). திரும்பி வருகிறவர்களைப் பார்த்து முறைக்காமல் இருப்பதும் போராட்டம்தான் என்கிறார். கை தட்ட வேண்டாம், பீடத்திலிருந்து வரவேற்க வேண்டாம், "இத்தனை நாள் எங்க போனீங்க" வேண்டவே வேண்டாம். தெற்கு ஜன்னலோரம் அவர்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளட்டும். பெண்கள் ஐக்கிய சங்க நோட்டீஸ் அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அசன வரி நோட்டில் அவர்கள் பெயரைப் பழைய வரிசையிலேயே எழுதுங்கள். போன இரண்டு வருடத்துப் பாக்கியை மட்டும் எழுத வேண்டாம்.